பொடியன் முகம், பெரியவர் குரல்: நினைவு நகைச்சுவைப் படம் எப்படி வேலை செய்கிறது?

ஒன்பது வயதுப் பையனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ஓர் ஏர் கன் வேண்டும். யாரிடம் கேட்டாலும் "கண்ணு போயிடும்" என்கிறார்கள். கடைசியில் எப்படியோ கிடைத்துவிடுகிறது. 1983இல் வந்த 'எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி' என்ற அமெரிக்கப் படத்தின் கதை இவ்வளவுதான். தெருவில் மறித்து அடிக்கும் முரட்டுப் பையன் ஒருவனை விட்டால் வில்லன் என்று யாரும் இல்லை. குடும்பம் பிரியவில்லை, யாரும் சாகவில்லை, யாரும் திருந்தவும் இல்லை. கிறிஸ்துமஸ் படம் என்றாலும் தேவாலயம், குடில், பூசை எதுவும் கிடையாது. இந்த நூலளவு கதையை வைத்துக்கொண்டு 94 நிமிடம் சிரிக்க வைத்திருக்கிறார்கள் என்றால், உள்ளே ஏதோ ஓர் இயந்திரம் ஓடுகிறது என்று அர்த்தம். அதைக் கழற்றிப் பார்ப்போம்.

இந்த வகைக்கு நினைவு நகைச்சுவை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். திரையில் தெரிவது குழந்தை. காதில் விழுவது அதே குழந்தை வளர்ந்து பெரியவனான பிறகு பேசும் குரல். இதை ஃப்ளாஷ்பேக்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃப்ளாஷ்பேக்கில் ஒரு நிகழ்காலம் இருக்கும். நரைத்த தலையோடு ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிப்பார், படம் பின்னால் போகும், பிறகு திரும்பி வரும். இந்தப் படத்தில் திரும்பி வர இடமே இல்லை. பேசுகிற ஆள் இப்போது எங்கே இருக்கிறார், கல்யாணம் ஆயிற்றா, என்ன வேலை பார்க்கிறார் என்று கடைசிவரை தெரியாது. மூலமான புத்தகத்தில் அந்த நிகழ்காலம் இருந்தது: வளர்ந்த மனிதன் சொந்த ஊருக்குத் திரும்பி, பழைய தோழன் நடத்தும் மதுக்கடையில் உட்கார்ந்து பேசுவதாக அமைப்பு. படத்துக்கு வரும்போது அந்தச் சட்டகத்தை அப்படியே வெட்டி எறிந்துவிட்டார்கள். நல்ல வெட்டு. பெரியவனின் முகத்தைக் காட்டினால் பார்ப்பவர்கள் அவன் வாழ்க்கையைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பார்கள், துப்பாக்கி மறந்துபோகும்.

அந்தக் குரல் ஜீன் ஷெப்பர்டுடையது. 1921இல் பிறந்து, சிகாகோவை ஒட்டிய இரும்பாலைப் பகுதியான இண்டியானா மாநில ஹாமண்ட் நகரில் வளர்ந்தவர். நியூயார்க்கின் டபிள்யூ.ஓ.ஆர். வானொலியில் இரவு நேரத்தில் மைக்கைப் பிடித்துத் தன் போக்கில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே பேசிப் பேசித் தேறிய கதைகள் பத்திரிகைக்குப் போயின, 1966இல் புத்தகமாயின. இயக்குநர் பாப் கிளார்க் காரில் போகும்போது அந்த வானொலிக் குரலைக் கேட்டு மயங்கியவர். படமாக எடுக்க வேண்டும் என்ற எண்ணம் பல ஆண்டு அவருக்குள் கிடந்தது. (இதே கிளார்க் 1974இல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாணவிகள் வரிசையாகக் கொலையாகும் திகில் படம் ஒன்றை எடுத்தவர். பண்டிகை என்றால் அவருக்கு இரண்டு முகம்.) ஷெப்பர்ட், அவர் மனைவி லீ பிரவுன், கிளார்க் மூவரும் சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். வானொலியில் பிறந்த சரக்கு என்பது முக்கியம். வானொலிக் கதைசொல்லிக்குப் படம் கிடையாது. சொல் மட்டுமே சோறு போடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தன் கதைகள் சுயசரிதை அல்ல, கற்பனை என்று ஷெப்பர்ட் சொல்லி வந்தார். அப்படியானால் இது நடந்ததை நினைத்துப் பார்ப்பது இல்லை. நினைத்துப் பார்ப்பது போலச் செய்து காட்டுவது.

குரல் என்ன செய்கிறது

வாய்ஸ் ஓவர் என்றால் சினிமா பழகியவர்கள் பலர் முகம் சுளிப்பார்கள். காட்சியில் காட்டத் தெரியாதவன் வாயால் சொல்லிச் சமாளிக்கிறான் என்பது பழைய குற்றச்சாட்டு. பெரும்பாலான படங்களில் அது உண்மையும்கூட. இந்தப் படத்தில் குரல் காட்சிக்கு விளக்கவுரை எழுதுவதில்லை. அதன் முதல் வேலை அளவை மாற்றுவது. குழந்தைக்கு வீட்டு வாசல்படி மலை, பக்கத்து வீட்டு நாய் புலி. அந்த அளவைப் பெரியவரின் சொற்களால் தைக்கிறார்கள். அற்ப விஷயத்துக்குப் போர்க்களத்துச் சொல், நீதிமன்றத்துச் சொல், புராணத்துச் சொல். பையன் நாலடி உயரம், அவனைப் பற்றிய வாக்கியம் நாற்பதடி. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது.

செய்து பார்த்தால் புரியும். காட்சி இதுதான்: வீட்டுக்கு வந்த ஆள் உயர மரப்பெட்டியை அப்பா கடப்பாரையால் திறக்கிறார். கீழே உள்ள மூன்று குரலும் விளக்கத்துக்காக இங்கே எழுதியவை, படத்தில் வருபவை அல்ல.

"அப்பா பெட்டியைத் திறந்தார். உள்ளே என்ன இருக்குமோ என்று எனக்கு ஆவலாக இருந்தது." இது வீண். பெட்டி திறப்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆவல் பையன் முகத்தில் தெரிகிறது.

"அன்று எங்களிடம் பணம் இல்லை, ஆனால் சிரிப்பு இருந்தது." இது வீணைவிட மோசம். காலண்டர் தாளில் அச்சடிக்கலாம். பெரியவர் இங்கே பையனை விட்டு இறங்கி, பார்ப்பவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"எங்கள் தெருவின் சரித்திரத்தில் ஆள் உயரப் பெட்டி வந்து இறங்கிய முதல் வீடு எங்களுடையது. ஆபரேஷனுக்கு இறங்கும் டாக்டரைப் போல அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்." இது வேலைக்கு ஆகும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, அதாவது அந்த வீட்டில் அந்தப் பெட்டிக்கு இருந்த எடையை, சொல் கொண்டுவருகிறது.

இந்தப் படத்தின் வெற்றிக்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்: குரல் பெரியவருடையது, கட்சி மட்டும் பையனுடையது. முப்பது நாற்பது ஆண்டு கழித்துப் பேசுகிறவருக்கு அம்மா சொன்னது சரி என்று தெரியாமலா இருக்கும்? ஆனாலும் "இப்போது யோசித்தால் அம்மா நல்லதுக்குத்தான் சொன்னாள்" என்று ஓர் இடத்திலும் வழியமாட்டார். துப்பாக்கி மறுக்கப்பட்டது அநியாயம் என்பதில் அவருக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

பெரியவரின் அறிவு எட்டிப் பார்க்கும் இடங்கள் சொற்பம்; அதனாலேயே குத்துகின்றன. இரவுச் சாப்பாட்டு மேசை. அப்பா, இரண்டு பையன்கள், அம்மா. அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு உட்கார்ந்து முள்கரண்டியை எடுப்பார். அப்பா இன்னும் கொஞ்சம் முட்டைக்கோஸ் கேட்பார். எழுந்து போய் வைத்துவிட்டு மறுபடி உட்காருவார், அடுத்தவன் கேட்பான். பதினைந்து வருடமாக அம்மா சூடாக ஒரு வேளை சாப்பிட்டதில்லை என்று குரல் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பரிதாபமும் இல்லை, இசையும் இல்லை. எந்தத் தெருவில் எந்த வீட்டிலும் நடப்பதுதான். பையனுக்கு அது அன்று கண்ணில் பட்டிருக்காது, பெரியவருக்குப் பட்டுவிட்டது. அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு வயதும் இருக்கின்றன.

ஒரே ஆசை, மூன்று மறுப்பு

பையன் பெயர் ரால்ஃபி. நடித்தவர் பீட்டர் பில்லிங்ஸ்லி. அவன் கேட்பது "ஒரு துப்பாக்கி" அல்ல. ரெட் ரைடர் கார்பைன், 200 குண்டு, கட்டையில் திசைகாட்டி பதித்தது, நேரம் பார்க்க ஒரு சாதனமும் உண்டு. கடை விளம்பரத்தை மனப்பாடம் செய்தவனைப் போல ஒரே மூச்சில் ஒப்பிப்பான். ஆசைக்கு இப்படி மாடல் எண் இருக்க வேண்டும். "சைக்கிள் வேண்டும்" என்பவனைவிட, எந்த நிறம், எந்தக் கம்பெனி, மணி எந்தப் பக்கம் என்று சொல்பவனை நாம் நம்புகிறோம்.

அது என்ன துப்பாக்கி என்று ஒரு வார்த்தை. கடற்கரையில் பலூன் சுடக் கொடுக்கும் ஏர் கன்னுக்குச் சின்னத் தம்பி மாதிரி. நெம்புகோலை இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். விசையை அழுத்தினால் அது விரிந்து காற்றைத் தள்ளும். காற்று சுமார் நாலரை மில்லிமீட்டர் இரும்புக் குண்டைத் தள்ளும். பலூன் துப்பாக்கியில் போடும் ஈயக் குண்டு கடினமான இடத்தில் பட்டால் நசுங்கிப்போகும். இரும்புக் குண்டு நசுங்காது, திரும்பி வரும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்குத் தேவைப்படும்.

முதல் மறுப்பு அம்மாவிடமிருந்து. காலைச் சாப்பாட்டின்போது வாய் தவறி உண்மையைச் சொல்லிவிடுகிறான். கண் போய்விடும் என்கிறார். இரண்டாவது மறுப்பு வகுப்பில். கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று கட்டுரை எழுதச் சொல்கிறார் மிஸ் ஷீல்ட்ஸ். டீச்சர் கரும்பலகை நிறைய கூட்டல் குறியாகப் போட்டு உச்சி மார்க் கொடுப்பதாகப் பையன் கனவு காண்கிறான். வந்தது சி பிளஸ். கீழே அதே வாசகம். மூன்றாவது, ஹிக்பீஸ் என்ற பெரிய கடையில் மலை மாதிரி மேடை மேல் உட்கார்ந்திருக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா. மணிக்கணக்காக வரிசையில் நின்று மடியில் உட்கார்ந்ததும் பையனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அவரே கால்பந்து வேண்டுமா என்று கேட்க, தலையாட்டிவிடுகிறான். சறுக்குமரத்தில் பாதி இறங்கிய பிறகு சுயநினைவு வந்து, பிடித்துக்கொண்டு மேலே ஏறி முழு மாடல் எண்ணையும் கத்துகிறான். தாத்தாவும் அதே வாசகத்தைச் சொல்லிவிட்டு, பூட்ஸ் காலால் அவன் நெற்றியில் வைத்து ஒரு தள்ளு.

மூன்று அதிகாரம்: வீடு, பள்ளி, வானம். மூன்று இடத்திலும் காரணம் ஒன்றே, சொல் ஒன்றே. காரணம் மாறினால் இது சாதாரணத் தடை ஓட்டம் ஆகிவிடும். மாறாததால் பெரியவர்கள் எல்லோரும் கூடி ரகசியக் கூட்டம் போட்டு முடிவெடுத்த மாதிரி இருக்கிறது. குழந்தைக்கு உலகம் அப்படித்தான் தெரியும்.

திரைக்கதையின் நுட்பமான இடம், அவன் கேட்காமல் விட்ட ஆள். ஊரெல்லாம் சுற்றி, கற்பனைத் தாத்தாவிடம்கூட மனுப் போட்டவன், எதிரில் செய்தித்தாளில் முகம் புதைத்திருந்த அப்பாவிடம் நேராகக் கேட்கவே இல்லை. கிறிஸ்துமஸ் காலையில் எல்லாப் பரிசும் பிரித்து முடிந்து, அத்தை தைத்து அனுப்பிய இளஞ்சிவப்பு முயல் உடையில் அவமானப்பட்டு, எல்லாம் போச்சு என்று ஆன பிறகு, மேசைக்குப் பின்னால் ஏதோ இருக்கிறதே என்று அப்பா மெல்லக் கை காட்டுகிறார். அம்மா முறைக்க, எட்டு வயதில் எனக்கும் ஒன்று இருந்தது என்கிறார். டேரன் மெக்காவின் (அப்பா வேடம்) அந்த நேரத்தில் பையனைவிட அதிகமாக ஆசைப்படுகிற முகத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் படத்தில் பெயர் கிடையாது. குரல் அவரைக் குறிப்பிடும் சொல்லுக்குத் தமிழில் "எங்க பெரிசு" என்பதுதான் சரியான ஒலி.

பிறகு? பின்கட்டில் ஒரு தகரப் பலகை மேல் இலக்குத் தாளை வைத்து முதல் குண்டைச் சுடுகிறான். இரும்பு தகரத்தில் பட்டுத் திரும்பி வந்து கண்ணுக்குக் கீழே அடிக்கிறது. மூக்குக்கண்ணாடி தெறித்து விழ, தேடும்போது அவனே மிதித்து உடைக்கிறான். மூன்று பேர் சொன்னதும் முக்கால்வாசி பலித்துவிட்டது! படிப்பினைப் படமாக இருந்தால் இங்கே பையன் அழுது திருந்த வேண்டும். இவன் கூரையிலிருந்து பனிக்கட்டி விழுந்தது என்று பொய் சொல்லி, அம்மாவின் அனுதாபத்தையும் வாங்கிக்கொண்டு, இரவு துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறான்.

இடையில் வருபவை

ஆசைக்கும் மறுப்புக்கும் நடுவே கோத்திருப்பதெல்லாம் தனித்தனித் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் சொந்தத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

கிறிஸ்துமஸ் மரம் வாங்கித் திரும்பும் வழியில் கார் டயர் பஞ்சர். நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அப்பா பெருமையோடு இறங்குகிறார். ரால்ஃபி உதவிக்குப் போகிறான். கழற்றிய நட்டுகளைச் சக்கர மூடியில் போட்டு அவன் ஏந்தி நிற்க, அப்பாவின் கை தட்டி எல்லாம் இருட்டில் பனியில் சிதறுகின்றன. பையன் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை. திரையில் நமக்குக் கேட்பது 'ஃபட்ஜ்' என்ற ஓர் இனிப்புப் பண்டத்தின் பெயர். ஆனால் தான் சொன்னது அது இல்லை, அந்த எழுத்தில் தொடங்கும் ராணி வார்த்தை என்று குரல் ஒப்புக்கொள்கிறது. அசல் சொல்லை உச்சரிக்காமல் அதன் முழு பாரத்தையும் இறக்கிவிடுகிறார்கள். அப்பாவுக்கு வேறு உத்தி. அவர் வாய் ஓயாமல் திட்டுவார், குறிப்பாக நிலவறையில் புகை கக்கும் வெப்ப உலையிடம். ஆனால் அத்தனையும் அர்த்தமில்லாத ஒலிக் கோவை. தாளம் மட்டும் வசவுத் தாளம். குழந்தைகளோடு பார்க்கும் படத்தில் வசவை எப்படி வைப்பது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டும் பாடம்.

வீட்டுக்கு வந்ததும் வாயில் சோப்பு. சிவப்பு லைஃப்பாய், அதே பெயர், நம் ஊர்க் குளியலறைகளிலும் கிடந்ததுதான். யாரிடம் கற்றாய் என்று அம்மா கேட்கிறார். அப்பா தினம் பத்து முறை சொல்வதுதான். அதைச் சொல்ல முடியுமா? நண்பன் ஷ்வார்ட்ஸ் பெயரைச் சொல்லிவிடுகிறான். அம்மா ஷ்வார்ட்ஸின் அம்மாவுக்குப் போன் போட, அந்த முனையில் ஒன்றும் அறியாத பையனுக்கு அடி விழும் சத்தம் கேட்கிறது. படுக்கையில் ரால்ஃபி பழிவாங்கும் கனவு காண்கிறான்: வளர்ந்து, கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியுமாகப் பார்வையிழந்து வீட்டுக்கு வருகிறான், என்ன ஆயிற்று என்று கதறும் பெற்றோரிடம் சோப்பு விஷம் என்கிறான். அவர்கள் நெஞ்சில் அடித்துக்கொள்ள, இவன் சிரித்துக்கொண்டே தூங்குகிறான். இதற்கு நடுவே ஒரு சின்னத் தருணம். பையனைப் படுக்க அனுப்பிய பிறகு மெலிண்டா டில்லன் (அம்மா வேடம்) அந்தச் சோப்பைத் தன் வாயில் வைத்துப் பார்த்து முகம் சுளிப்பார். வசனம் கிடையாது. அந்த அம்மாவை முழுதாகப் புரிந்துகொள்ள அந்தச் சுளிப்பு போதும்.

விளக்குத் துண்டு இதைவிடப் பிரபலம். புதிர்ப் போட்டியில் அப்பாவுக்குப் பரிசு: வலைக் காலுறை போட்ட பெண்ணின் கால் வடிவில் ஒரு மேசை விளக்கு. பெட்டி மேல் 'ஃப்ராஜைல்' (உடையும் பொருள்) என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பதை இத்தாலியச் சொல் என்று நினைத்து நீட்டி உச்சரிப்பார். அதைத் தெரு ஜன்னலில் வைத்து ஏற்றுவார், அம்மா கூசிப்போவார். பிறகு ஒரு நாள் அது "தற்செயலாக" உடைகிறது, வீட்டில் பசையும் "தற்செயலாக" தீர்ந்துபோயிருக்கிறது. துண்டுகளை அப்பா பின்கட்டில் அடக்கம் செய்கிறார். குடும்பச் சண்டையைக் கத்தல் இல்லாமல் ஒரு பொருளை வைத்து நடத்துவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டும். புதிரில் ஒரு கேள்விக்கு விடை சொல்லிக் கொடுத்ததே அம்மாதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ரகசியக் குறியீட்டுத் துண்டையும் விடக் கூடாது. 'லிட்டில் ஆர்ஃபன் ஆனி' என்ற வானொலித் தொடர் உண்மையிலேயே இருந்தது. ஓவல்டின் கம்பெனி அதன் விளம்பரதாரர். குழந்தைகளுக்குக் குறிவிலக்கும் வில்லை அனுப்பியதும் உண்மை. ஒரு வட்டத்தில் எழுத்து, இன்னொன்றில் எண். அறிவிப்பாளர் சொல்லும் நிலையில் திருப்பி வைத்துவிட்டு, அவர் படிக்கும் எண்களுக்கு நேரே இருக்கும் எழுத்தை எழுதினால் செய்தி வரும். ரால்ஃபி வாரக்கணக்காகக் காத்திருந்து, குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வெளியே தம்பி அவசரமாகக் கதவைத் தட்ட, ஒவ்வோர் எழுத்தாகப் பிரிக்கிறான். உலகைக் காக்கும் செய்தி என்று நினைத்தால், மறக்காமல் ஓவல்டின் குடி என்று வருகிறது. வாழ்வின் முதல் விளம்பர ஏமாற்றம்.

காலத்தைக் கட்டுவது

கதை எந்த ஆண்டு நடக்கிறது என்று படம் சொல்வதே இல்லை. கார்கள், வானொலி, 1939இல் திரைக்கு வந்த 'விஸார்ட் ஆஃப் ஆஸ்' பாத்திரங்களின் வேடம் போட்டவர்கள் எல்லாவற்றையும் வைத்து 1930களின் கடைசி, 1940களின் தொடக்கம் என்று ஊகிக்கலாம். போர் பற்றிப் பேச்சில்லை. ஆண்டைச் சொன்னால் பார்ப்பவர் சரித்திரம் கணக்குப் போடுவார். சொல்லாததால் அது "அந்தக் காலம்" ஆகிறது.

கதையின் ஊர் ஹோமன் என்ற கற்பனை ஊர்; ஹாமண்டில் அந்தப் பெயரில் ஒரு சாலை உண்டு. வீட்டின் வெளிப்புறமும் ஹிக்பீஸ் கடையும் ஒஹையோவின் கிளீவ்லாந்தில், பள்ளி கனடாவின் செயின்ட் கேதரின்ஸில், இன்னும் பல காட்சிகள் டொராண்டோவில். 1983 தொடக்கத்தில் எடுத்தார்கள், ஆனால் அந்தக் குளிர்காலத்தில் கிளீவ்லாந்தில் போதிய பனி இல்லை. தீயணைப்பு நுரையைக் கொட்டிப் பனி செய்தார்கள்.

இரும்புக் கொடிக்கம்பத்தில் ஃப்ளிக் என்ற பையனின் நாக்கு ஒட்டிக்கொள்ளும் காட்சியும் இப்படித்தான். உறைபனியில் இது நிஜத்தில் நடக்கும். உலோகம் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். நாக்கின் ரத்தச் சூடு ஈடுகட்டுவதற்குள் எச்சில் உறைந்து பசையாகிவிடும். இழுத்தால் தோல் கிழியும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் விடும். படப்பிடிப்பில் பிளாஸ்டிக் கம்பம் வைத்து, சின்ன ஓட்டை போட்டு, உள்ளிருந்து காற்றை உறிஞ்சி நாக்கைப் பிடிக்க வைத்தார்கள்.

பொருள்களில் சுவாரசியமான தவறு ஒன்று உண்டு. டெய்ஸி கம்பெனியின் அசல் ரெட் ரைடர் மாடலில் திசைகாட்டியோ நேரம் காட்டும் சாதனமோ இல்லை. அவை அதே கம்பெனியின் பக் ஜோன்ஸ் என்ற வேறு மாடலில் இருந்தவை. கதையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதற்காகக் கதையைத் திருத்தவில்லை. படத்துக்கென்று திசைகாட்டி பதித்த ரெட் ரைடரைத் தனியாகச் செய்தார்கள். வீட்டுக்கும் இதே கதி. அந்தக் கிளீவ்லாந்து வீட்டை 2004இல் ஒரு ரசிகர் ஈபேயில் 1,50,000 டாலருக்கு வாங்கி, உள்ளேயும் படத்தில் வருவது போலவே மாற்றி அமைத்தார். 2006 முதல் அது அருங்காட்சியகம்.

எங்கே சறுக்கும்

இந்த வகையில் எழுத முயல்பவர்கள் பெரும்பாலும் ஒரே குழியில் விழுகிறார்கள். பழைய பொருள்களை அடுக்கிவிட்டால் நினைவு வந்துவிடும் என்று நம்புவது. பம்பரம், வானொலிப் பெட்டி, தகர டப்பா என்று பட்டியல் நீளும். எதையும் யாரும் ஆசைப்படவோ தொலைக்கவோ மாட்டார்கள். இந்தப் படத்தில் ஒவ்வொரு பழைய பொருளையும் யாரோ ஒருவர் வெறியோடு விரும்புகிறார் அல்லது வெறுக்கிறார். அடுத்த குழி, தான் வேடிக்கை செய்கிறோம் என்று தெரிந்து நடிக்கும் குழந்தை. பில்லிங்ஸ்லியின் கண்ணைப் பாருங்கள், அவனுக்கு எல்லாமே உயிர்ப் பிரச்சினை. தம்பி ராண்டி அடுக்கடுக்கான பனி உடைக்குள் கையை இறக்க முடியாமல் அழும்போது அவனுக்கும் அப்படித்தான்.

படமும் சறுக்காமல் இல்லை. பக்கத்து வீட்டு நாய்கள் வான்கோழியைத் தின்றுவிட, குடும்பம் சீன உணவகத்துக்குப் போகிறது. தலையோடு வரும் வாத்தைக் கண்டு அம்மா அலறுவதும், பரிமாறுபவர் ஒரே வெட்டில் தலையைத் துண்டிப்பதும் இன்றும் சிரிப்பு. அதற்கு முன், பணியாளர்களின் கிறிஸ்துமஸ் பாட்டு உச்சரிப்பை வைத்துச் செய்யும் கேலி மட்டும் இன்று பார்க்கும்போது கூசுகிறது. குழந்தையின் அறியாமையைச் சிரிப்பது ஒன்று, வந்தேறிகளின் நாக்கைச் சிரிப்பது வேறு.

1983 நவம்பர் 18இல் வெளியானபோது படம் பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் வருவதற்குள்ளேயே பல அரங்குகளில் தூக்கிவிட்டார்கள். வளர்ந்தது தொலைக்காட்சியில். 1997இலிருந்து டி.என்.டி. என்ற அலைவரிசை கிறிஸ்துமஸ் முன்னிரவில் தொடங்கி 24 மணி நேரம், 12 முறை, இதே படத்தைத் தொடர்ந்து போட ஆரம்பித்தது. 2012இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் கிடைத்தது. 24 மணி நேரம் ஓடவிட்டுத் தாங்குவதற்குத் துண்டு துண்டான அமைப்பு உதவுகிறது. சமைத்துக்கொண்டே, விருந்தினரை வரவேற்றுக்கொண்டே எங்கே நுழைந்தாலும் ஒரு முழுத் துண்டு கிடைக்கும்.

முதல் முறை பார்ப்பவர் நேராக முழுப் படத்தையும் பார்த்துவிடலாம். இரண்டாம் முறை ஒரு சோதனை. கிறிஸ்துமஸ் தாத்தா காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அகலக் கோண லென்ஸ் முகத்துக்கு மிக அருகில் வந்து தாத்தாவை வீங்கிய ராட்சதனாக்குவது தெரியும். அழும் குழந்தைகளைக் கட்டுச் சரக்கு மாதிரி சறுக்குமரத்தில் தள்ளும் உதவியாளர்களின் அலுப்பும் தெரியும். கிட்டத்தட்ட திகில் படம். பிறகு ஒலியைப் போட்டு, திரையைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து அதே காட்சியைக் கேளுங்கள். வரிசை எங்கே முடிகிறது என்று ரால்ஃபியை அதட்டிப் பின்னால் அனுப்பும் ஓர் ஆள் குரல் நடுவே வரும். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று தோன்றினால் தப்பில்லை. அவர்தான் ஷெப்பர்ட், படம் முழுக்கப் பையனுக்காக வாதாடும் அதே ஆள்.